வியாழக்கிழமை பி.ஓ.டி. போடாதீர்கள்: சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சிவில் கடைசி வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது போன் செய்து, "அண்ணா, என்விரான்மென்டல்ல எம்.இ. பண்ணலாம்னு இருக்கேன், எந்த காலேஜ் நல்லாருக்கும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எந்தத் தண்ணியில கைவைக்கப் போற?" சாயத் தண்ணீரா, சாக்கடையா, குடிநீரா, குப்பைமேட்டிலிருந்து கசியும் கருந்தண்ணீரா? பெரும்பாலும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

எனக்கும் அப்போது பதில் தெரியாது. பி.இ. சிவில் முடித்து ஒன்றரை வருடம் கம்பி எண்ணினேன் (ஜெயிலில் இல்லை, ஸ்லாப் கான்கிரீட்டுக்கு முன்னால்). பிறகு கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி எம்.இ. சேர்ந்து, இப்போது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று நடந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சிவில் படித்துவிட்டு இந்தியாவுக்குள்ளேயே மேற்படிப்பு படிக்க நினைப்பவரை மனதில் வைத்து எழுதியது. வெளிநாட்டைப் பற்றி நடுவில் கொஞ்சம் வரும்.

முதல் படி: கெமிஸ்ட்ரி ஒத்துவருமா என்று பாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சிவிலும் என்விரான்மென்டலும் சேர்ந்து ஒரே துறை. நம் ஊரில் அது பெரும்பாலும் சிவிலுக்குள் ஒரு கிளை. ஸ்ட்ரக்சுரல், ஜியோடெக்னிக்கல், டிரான்ஸ்போர்ட்டேஷன், நீர்வளம், கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் எல்லாம் அண்ணன் தம்பிகள். இந்தக் குடும்பத்தில் ஸ்ட்ரக்சுரலுக்குத்தான் எப்போதும் கூட்டம். அது கிடைக்காததால் இந்தப் பக்கம் வந்தவர்கள் என் வகுப்பிலேயே பாதிப் பேர். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வந்த முதல் வாரத்தில் பீமும் காலமும் காணாமல் போய், நார்மாலிட்டி, சமான எடை, பி.எச்., நுண்ணுயிர் என்று போர்டு நிறைந்ததும் முகம் வாடிப்போனது.

ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் கால்சியம். கால்சியம் கார்பனேட் கணக்கில் அதன் கடினத்தன்மை எவ்வளவு? கால்சியத்தின் சமான எடை 20. ஆக 2 மில்லி ஈக்விவலன்ட். கால்சியம் கார்பனேட்டின் சமான எடை 50. ஆக லிட்டருக்கு 100 மில்லிகிராம். 'அட, பிளஸ் டூவில் பார்த்ததுதானே' என்று தோன்றினால் தாராளமாக வரலாம். 'இந்தத் தலைவலியே வேண்டாமென்றுதானே சிவில் எடுத்தேன்' என்று தோன்றினால் நீர்வளப் பிரிவைப் பாருங்கள். அங்கே ஹைட்ராலிக்ஸ், மழைக்கணக்கு, மேப் அதிகம், டைட்ரேஷன் குறைவு.

கெமிஸ்ட்ரியில் பின்தங்கினாலும் சிவில்காரருக்கு ஒரு பலம் உண்டு: அளவு. கெமிக்கல், பயோடெக் படித்து வருகிறவருக்கு வினை தெரியும். ஊர் எவ்வளவு பெரிது என்று தெரியாது. 10 லட்சம் பேர் உள்ள ஊரில், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று குடிநீர் கொடுத்தால் 13.5 கோடி லிட்டர், அதாவது 135 எம்.எல்.டி. (நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் என்பது ஒரு எம்.எல்.டி.) அதில் 80 சதவீதம் சாக்கடைக்கு வரும் என்பது வழக்கமான கணக்கு. 108 எம்.எல்.டி. அதன் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்றால், எம்.எல்.டி.யை மில்லிகிராமால் பெருக்கினாலே கிலோ வந்துவிடும்: 27,000 கிலோ. தினமும் 27 டன் அழுக்கைத் தின்று தீர்க்கும் அளவுக்கு பாக்டீரியா வளர்க்க வேண்டும். நம் படிப்பு மொத்தமும் ஏறத்தாழ இந்த ஒரு வரிதான்.

இரண்டாம் படி: காலேஜுக்கு முன்னால் தண்ணீரை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம் இதுதான். முதலில் காலேஜ், பிறகு கோர்ஸ், பிறகு கைடு, மூன்றாம் செமஸ்டரில் 'டாபிக் என்ன சார்?' என்று கைடு அறை வாசலில் நிற்பது. அதற்குள் பாதிப் படிப்பு போயிருக்கும்.

தமிழ்நாட்டில் இருப்பவருக்குத் தண்ணீர்ப் பிரச்சினைக்குப் பஞ்சமே இல்லை. திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை நிறுத்தாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறை வந்தது. ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிஞ்சிய உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து வற்றவைக்கிறார்கள். தண்ணீர் திரும்பக் கிடைத்துவிடுகிறது. கடைசியில் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. அந்த உப்பை என்ன செய்வது, கொதிக்கவைக்கும் செலவை எப்படிக் குறைப்பது என்று யோசித்தாலே பத்து எம்.இ. ப்ராஜெக்ட் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்துப் பல்லில் காவி படிந்த பிள்ளைகளுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலால் குரோமியம். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகள். அதே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சாக்கடைத் தண்ணீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலைகள், ஒவ்வொன்றும் 45 எம்.எல்.டி. நெம்மேலியில் கடல்நீர்.

இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் மாதிரி யோசிக்க வேண்டாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கையில் ஒன்று இருந்தால்தான் அடுத்து வரும் தேர்வுகளைச் செய்ய முடியும். துறையின் வலைப்பக்கத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, கடைசி மூன்று நான்கு வருடங்களில் யார் எதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயர் பெற்ற துறையாக இருக்கும். ஆனால் அங்கே ஆறு பேரில் நான்கு பேர் காற்று மாசு பார்ப்பார்கள். சாயத் தண்ணீரோடு போகிற உங்களுக்கு அங்கே கைடு கிடைப்பது கஷ்டம். அங்கே படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். லேப் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? தண்ணீரிலுள்ள உலோகத்தையும் உப்பையும் அளக்கும் ஏ.ஏ.எஸ்., அயான் குரோமட்டோகிராஃப் போன்ற கருவிகள் ஓடுகின்றனவா, இல்லை உறை போட்டு மூடிவைத்திருக்கிறார்களா? கெமிக்கல் வாங்கும் செலவு யார் தலையில்? கல்லூரியின் தரவரிசை எண்ணைவிட இந்த மூன்று பதில்கள் முக்கியம் என்பது என் கட்சி.

மூன்றாம் படி: கேட்

ஐ.ஐ.எஸ்சி.யும் ஏழு பழைய ஐ.ஐ.டி.களும் முறைவைத்து நடத்தும் தேர்வு. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மார்ச்சில் முடிவு. 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் பொதுத்திறனுக்கு 15. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். ஆகவே எழுதிவிட்டு ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்வதிலும் தவறில்லை.

சிவில் தாள் எல்லோருக்கும் தெரியும். 2021-லிருந்து சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் என்று தனித்தாள் ஒன்றும் உண்டு. அனுமதிக்கப்பட்ட ஜோடியாக இருந்தால் இரண்டு தாள் எழுதலாம். அந்த வருடத்துத் தகவல் கையேட்டில் ஜோடிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று எழுதுவதென்றால் சிவில் எழுதுங்கள். எம்.டெக். சேர்க்கைக்கு அதை ஏற்கும் இடங்கள் அதிகம். பொதுத்துறை நிறுவன வேலைக்கும் அதுதான் உதவும்.

எப்படிப் படிப்பது என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டே சொல்வேன். பொதுத்திறனையும் கணிதத்தையும் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கால்வாசிக்கு மேல். அடுத்தது, கேள்வி வகை. விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு செய்தால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள கேள்விக்கும் கழிவு கிடையாது. தெரியாவிட்டாலும் அவற்றைக் காலியாக விடாதீர்கள். திரையில் வரும் கால்குலேட்டரை மவுஸால் தட்டிப் பழகாமல் போய் நான் பத்து நிமிடம் இழந்தேன். வீட்டில் அதிலேயே போட்டுப் பழகுங்கள்.

நான்காம் படி: எந்த வாசலில் எப்போது நிற்பது

மார்ச்சில் ஸ்கோர் வந்ததும் மூன்று வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்.

முதலில் ஐ.ஐ.டி.கள். ஒவ்வொரு ஐ.ஐ.டி.யின் தளத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதோடு கோஆப் என்ற பொதுத்தளத்திலும் பதிவு. கோஆபில் மட்டும் பதிந்துவிட்டு 'ஆஃபர் வரும்' என்று காத்திருந்து ஏமாந்தவரை எனக்குத் தெரியும். அந்தத் தளம் வந்த ஆஃபரைக் காட்டும், அவ்வளவுதான். உங்களுக்காக எங்கேயும் விண்ணப்பம் போடாது. ஆஃபர் வந்தால் மூன்று தேர்வுகள்: ஏற்றுக்கொண்டு உறுதி செய்வது, கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, வேண்டாமென்று விட்டுவிட்டுக் காத்திருப்பது. நேரம் முடிவதற்குள் ஒன்றை அழுத்த வேண்டும். மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் சிவில் துறைக்குள் சுற்றுச்சூழலும் நீர்வளமும் சேர்ந்து ஒரு பிரிவு. பம்பாயில் சுற்றுச்சூழல் தனித்துறை. இந்த வித்தியாசம் பாடத்திட்டத்திலும் தெரியும்.

அடுத்தது சி.சி.எம்.டி. கவுன்சலிங், என்.ஐ.டி.களுக்கு. நமக்குப் பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி.யில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.டெக். உண்டு. இங்கே சாய்ஸ் நிரப்புவதில் வெட்கப்படாதீர்கள். கிடைக்காது என்று தோன்றினாலும் பிடித்த இடத்தை மேலே போடுங்கள்.

மூன்றாவது, தமிழ்நாட்டின் டான்கா கவுன்சலிங். கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை ஜி.சி.டி. போன்றவற்றில் எம்.இ. இடங்கள் இதன் வழியாகத்தான். கேட் ஸ்கோர் இருந்தால் முன்வரிசை. இல்லாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு. 2022 வரை டான்செட் என்று தெரிந்திருந்தது, எம்.இ.க்கு மட்டும் பெயர் மாறிப்போனது. கிண்டி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தே சேர்ந்துவிடாதீர்கள், மேலே சொன்ன மூன்று கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

கேட் ஸ்கோரோடு முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதத்துக்கு. இந்தத் தொகை பல வருடமாக ஏறவே இல்லை என்பது தனிப் புலம்பல். வாரத்தில் சில மணி நேரம் பி.இ. பிள்ளைகளுக்கு லேப் எடுப்பது, பேப்பர் திருத்துவது என்று துறை வேலையும் உண்டு. சேர்ந்த மாதமே பணம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். வங்கிக் கணக்கு, ஆதார், சரிபார்ப்பு என்று இழுத்து, மொத்தமாகத்தான் வரும். முதல் மூன்று மாத மெஸ் பில்லுக்கு வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவைத்திருங்கள். கேட் இல்லாமல் தனியார் கல்லூரியில் பணம் கட்டி எம்.இ. படிப்பதைப் பற்றிக் கேட்பார்கள். வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகப் படிக்கிறார் என்றால் சரி. மற்றவர்கள் இன்னொரு முறை கேட் எழுதலாம் என்பேன்.

வெளிநாடு என்றால்

இதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். சுருக்கமாக: ஜெர்மனியில் ஆங்கிலவழி முதுகலைகள் உண்டு, ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் கழிவு, காற்று, நீர் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் படிப்பு நம்மவர்களிடம் பிரபலம். 'ஜெர்மனியில் ஃபீஸே இல்லை' என்பது பாதி உண்மை. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டும், அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள். இரண்டு வருட வேலை அனுபவம் இருந்தால் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு தரும் வளரும் நாடுகளுக்கான உதவித்தொகைக்கு முயலலாம். சைட்டில் கம்பி எண்ணிய காலம் அங்கே கைகொடுக்கும். அமெரிக்காவில் தீசிஸ் எழுதும் எம்.எஸ்., எழுதாத எம்.எஸ். என்று இரண்டு வகை. உதவித்தொகை பெரும்பாலும் தீசிஸ் பக்கம்தான். அதற்கு விண்ணப்பிக்கும் முன்பே பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும், அவருடைய கட்டுரை ஒன்றையாவது நிஜமாகவே படித்துவிட்டு.

ஐந்தாம் படி: முதல் இரண்டு செமஸ்டர்

வகுப்புகள் ஓடிவிடும். இயற்பியல் வேதியியல் சுத்திகரிப்பு, உயிரியல் சுத்திகரிப்பு, நுண்ணுயிரியல், காற்று மாசு, திடக்கழிவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் இதேதான். உயிரியல் சுத்திகரிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்டர்வியூ கேள்விகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும், 7.14 மில்லிகிராம் ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) தீரும் என்று மனப்பாடம் செய்தால் போதாது. ஆல்கலினிட்டி தீர்ந்தால் பி.எச். விழும், பி.எச். விழுந்தால் நைட்ரஜனைத் தின்னும் பாக்டீரியா நின்றுபோகும் என்று அடுத்த படியையும் சொல்லத் தெரிய வேண்டும்.

வடிவமைப்புக்கு மத்திய அரசின் குடிநீர், கழிவுநீர் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.வின் கையேடுகளை முதல் மாதமே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், இலவசம். நம் நாட்டில் எந்த டெண்டரும் அதைக் காட்டித்தான் பேசும். மென்பொருளில் ஈபாநெட் (குழாய் வலை), ஸ்வம் (மழைநீர்), ஹெக் ராஸ் (ஆறு), கியூஜிஸ் (மேப்) நான்கும் இலவசம். பைரேட்டட் காப்பி தேடி அலையத் தேவையே இல்லை. உங்கள் ஹாஸ்டலின் குடிநீர்க் குழாய் வலையை ஈபாநெட்டில் வரைந்து, மூன்றாம் மாடியில் காலை ஏழு மணிக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று கண்டுபிடியுங்கள். நான் அப்படிச் செய்ததை வார்டன் நம்பவில்லை, வால்வைத் திறந்து பார்த்தபிறகு நம்பினார்.

ஆறாம் படி: லேப்

இங்கேதான் கொஞ்சம் நிற்கப் போகிறேன். எம்.இ.யில் நான் கற்றது எது என்று கேட்டால், ஒரு எண்ணை எப்போது நம்பலாம் என்று கற்றேன் என்பேன். அது லேபில்தான் வரும்.

பி.ஓ.டி. எல்லோருக்கும் தெரிந்த சோதனை. புத்தகத்தில் 20 டிகிரியில் 5 நாள். நம் ஊர் வெப்பத்துக்கு 27 டிகிரியில் 3 நாள். இந்த மூன்று நாள் வசதி என்று நினைத்து, சேர்ந்த புதிதில் ஒரு வியாழக்கிழமை இருபது பாட்டில் தயார் செய்துகொண்டிருந்தேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இன்னைக்கு வெச்சா என்னைக்கு எடுக்கணும்?" விரல்விட்டு எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை. "அன்னைக்கு யாரு வந்து கதவத் தொறக்கறது, உங்க கைடா?" இருபது பாட்டிலையும் கவிழ்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மறுபடி போட்டேன், திங்கட்கிழமை எடுத்தேன். அன்றிலிருந்து என் ஜூனியர்களுக்குச் சொல்லும் முதல் விதி இதுதான்.

பாட்டில் 300 மில்லி. மூடும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட நிற்கக் கூடாது. சாய்த்து, கண்ணாடி மூடியை ஒரே அழுத்தாக அழுத்தி, கழுத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கவைக்க வேண்டும். ஆக்சிஜனை அளக்க மாங்கனீசு சல்ஃபேட், பிறகு ஆல்கலி அயோடைடு அசைடு. பிப்பெட் முனையைத் தண்ணீருக்குள் இறக்கி விடுங்கள். மூடிக் குலுக்கினால் காப்பிப்பொடி நிறத்தில் படிவு இறங்கும். வெள்ளையாக இறங்கினால் அந்தப் பாட்டிலில் ஆக்சிஜனே இல்லை. சாம்பிளை நீர்த்தது போதவில்லை, அந்த எண் குப்பை. சல்ஃபூரிக் அமிலம் விட்டால் படிவு கரைந்து டீ நிறமாகும். தயோசல்ஃபேட்டில் டைட்ரேட் செய்து, வைக்கோல் மஞ்சளாக வெளிறியதும் ஸ்டார்ச் இரண்டு சொட்டு. நீலம். பிறகு சொட்டுச் சொட்டாக, நீலம் மறையும் கணம். கொஞ்சம் பொறுத்தால் நீலம் திரும்ப எட்டிப்பார்க்கும், அதைப் பார்த்து மறுபடி ஊற்றாதீர்கள். முதலில் மறைந்ததுதான் கணக்கு.

உங்கள் கை சரியா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் தெரிந்த விடையுள்ள கரைசல்கள். குளுக்கோஸும் குளுட்டாமிக் அமிலமும் லிட்டருக்குத் தலா 150 மில்லிகிராம் கலந்தால் ஐந்து நாள் பி.ஓ.டி. 198, முப்பது கூடக் குறைய வர வேண்டும். சி.ஓ.டி.க்கு (பாக்டீரியாவுக்குப் பதில் ரசாயனத்தைக் கொண்டு அளக்கும் ஆக்சிஜன் தேவை) பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் 425 மில்லிகிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் 500 வர வேண்டும். மாதம் ஒருமுறை இவற்றைப் போட்டு நோட்டில் எழுதிவைத்தால், வைவாவில் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் "இந்த வேல்யூ எப்படி நம்பறது?" என்று கேட்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். நான் காட்டினேன். அடுத்த கேள்வியே வரவில்லை.

சாம்பிள் எடுப்பதிலேயே பாதி ப்ராஜெக்ட் கெட்டுப்போகும். சி.ஓ.டி. சாம்பிளில் சல்ஃபூரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைக்கலாம். கன உலோகத்துக்கு நைட்ரிக் அமிலம். பி.ஓ.டி. சாம்பிளில் அமிலம் விட்டால் பாக்டீரியா செத்துவிடும். அதை ஐஸில் வைத்து அன்றைக்கே லேபுக்கு ஓடிவர வேண்டியதுதான். தொழிற்சாலைக்குள் சாம்பிள் எடுக்கத் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் போகாதீர்கள். இருந்தாலும் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். தெரிந்தவர் மூலம் போவதுதான் நடைமுறை. ஆலையின் பெயரை ரிப்போர்ட்டில் போட மாட்டேன் என்று சொன்னால் பாதிக் கதவு திறக்கும்.

ஏழாம் படி: ப்ராஜெக்ட்

மூன்றாம் செமஸ்டரில் பேஸ் ஒன், நான்காவதில் பேஸ் டூ. ஜீரோத் ரிவ்யூ, முதல் ரிவ்யூ என்று தேதிகள் வந்துகொண்டே இருக்கும். பேஸ் ஒன் முழுக்க இலக்கியத் திரட்டு என்று சொல்லி நான்கு மாதத்தைக் கரைப்பது நம் வழக்கம். ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னாலேயே ரியாக்டரை (பாக்டீரியா வளர்க்கும் தொட்டியை) ஓட்ட ஆரம்பித்துவிடுங்கள். பாக்டீரியா புதுத் தண்ணீருக்குப் பழகவே வாரக்கணக்கில் ஆகும், அது ரிவ்யூ தேதி பார்த்து வளராது.

பெரிய கருவி தேவையில்லை. என் ரியாக்டர் ஒரு அக்ரிலிக் தொட்டி. காற்றுக்கு கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய பம்பும் கல்லும். விதையாகப் போடும் பாக்டீரியாச் சேறு, அதாவது சீட் ஸ்லட்ஜ், பக்கத்து எஸ்.டி.பி. (சாக்கடை சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர் ஒரு கேனில் ஊற்றிக் கொடுத்தது. தினமும் காலையில் முதல் வேலை, ஒரு லிட்டர் சிலிண்டரில் அதை ஊற்றி முப்பது நிமிடம் அசைக்காமல் வைப்பது. நல்ல ஸ்லட்ஜ் சேலை மடிப்பு மாதிரி கூட்டமாக இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். 300 மில்லியில் நின்று, அதன் எம்.எல்.எஸ்.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள்) 2,500 என்றால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படியும்போது பிடிக்கும் மில்லி) 120. நல்ல ஸ்லட்ஜ். 200-ஐத் தாண்டினால் நூல் நூலாக வளரும் பாக்டீரியா வந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல்கள் தெரியும்.

நாற்பது நாள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது பொங்கல் வந்தது. நான்கு நாள் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து லேப் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, அழுகிய முட்டை நாற்றம். கரண்ட் போய் பம்ப் நின்று, காப்பிநிற ஸ்லட்ஜ் தார் மாதிரி கறுத்திருந்தது. மறுபடி உயிர்ப்பிக்க மூன்று வாரம். பேட்டரியில் ஓடும் மீன்தொட்டிப் பம்ப் சில நூறு ரூபாய்தான். லீவுக்குப் போகும்போது ஊருக்குப் போகாத ஒருவரிடம் சாவியையும் கொடுத்துவிட்டுப் போங்கள். ரிப்போர்ட்டில் அந்த மூன்று வாரத்தை மறைக்காமல் எழுதினேன். அதிர்ச்சிக்குப் பிறகு ரியாக்டர் எப்படி மீண்டது என்று அது ஒரு தனிப் படமாகவே ஆனது. வரைபடத்தில் புள்ளிகளை 'அழகாக்க' ஆசை வரும். வேண்டாம். எக்ஸாமினர்கள் நாற்பது வருட வரைபடம் பார்த்தவர்கள், ரொம்ப நேராகப் போகும் கோடுதான் அவர்கள் கண்ணை உறுத்தும்.

எழுதும்போது: படித்த கட்டுரையெல்லாம் சோட்டெரோ என்ற மென்பொருளில் போட்டுவையுங்கள், இலவசம். முன்னால் வந்த இந்திய ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் தேடலாம். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. அதைக் குறைக்க வார்த்தையை மட்டும் மாற்றும் மென்பொருளுக்குக் கொடுத்து, 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' 'சுறுசுறுப்பான சேறு' ஆகிப்போன ரிப்போர்ட்டை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்டினால் இரண்டே நாளில் வெளியிடும் ஜர்னல்கள் பக்கம் போகாதீர்கள். ரெஸ்யூமேயில் அது ஒரு கறைதான்.

எட்டாம் படி: வேலை தேட ஆரம்பிக்கும் நேரம்

மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம் கட்டுபவை, இயக்குபவை. சம்பளம் ஐ.டி. நண்பர்களோடு ஒப்பிடும்படி இருக்காது. முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக் கம்பெனிகள் இன்னொரு வழி. 2006 அறிவிக்கையின் கீழ் அனுமதி கேட்கும் ஆலைகளுக்கு அறிக்கை தயாரிக்க, நாபெட் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள் வேண்டும், அவர்களிடம் தண்ணீர், காற்று, திடக்கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர் வேண்டும். அரசுப் பக்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம், டி.என்.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வுகள். எம்.இ. முடித்துத்தான் படிப்பேன் என்றால் தாமதம், கேட்டுக்குப் படித்த சூட்டிலேயே இதையும் எழுதிப் பாருங்கள்.

என்னைத் தேர்ந்தெடுத்த இன்டர்வியூவில் சர்டிபிகேட்டை யாரும் திறக்கவில்லை. ஒரு கழிவுநீர்த் தொட்டியின் போட்டோவைக் காட்டினார்கள். மேலே கெட்டியாகப் பழுப்பு நுரை. "என்ன பண்ணுவீங்க?" ஸ்லட்ஜ் வயதாகியிருக்கலாம், பழைய ஸ்லட்ஜை இன்னும் கொஞ்சம் வெளியேற்றுவேன், அதற்கு முன்னால் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன் என்றேன். "இது எங்க பாத்தீங்க?" "என் ரியாக்டர்லயே வந்துச்சு சார்." அவ்வளவுதான்.

வைவா முடிந்த அன்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் லேபில் இருங்கள். கச்சா அளவீடுகள் உள்ள நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைக் கைடிடம் கொடுங்கள். அமில பாட்டில்களின் லேபிளைப் புதிதாக எழுதி ஒட்டுங்கள். ரியாக்டரில் உள்ள ஸ்லட்ஜை மட்டும் சிங்கில் கொட்டிவிடாதீர்கள். பம்பை ஓடவிட்டு, ஒரு கை வெல்லம் கரைத்து ஊற்றிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் ஜூனியர் ஒருவர் காலி கேனோடு வருவார்.